பறை அடிகளைச் சாம்ப்ளரில் அடுக்குவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: பறை வாசிக்கும் நண்பர் ஒருவரை அடிக்கச் சொல்லி, கையடக்க ரெக்கார்டரில் அறுபது எழுபது அடிகள் பதிவு செய்திருக்கிறீர்கள். அவற்றை கணினியில் சாம்ப்ளரில் (பதிவு செய்த ஒலிகளைத் தட்டலுக்கு ஏற்ப ஒலிக்கும் மென்பொருள்) ஏற்றி, விரலால் தட்டும் பேடில் தட்டினால், மெல்லத் தட்டும்போது ஒலி காதிலேயே விழவில்லை. வேகமாகத் தட்டினால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி இருக்கிறது. தட்டியதற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் ஒரு தாமதமும் தெரிகிறது. வேறு நல்ல சாம்ப்ளர் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். இந்த மூன்று குறைகளும் கோப்புகளை வெட்டிய விதத்திலும், சாம்ப்ளருக்குள் அடுக்கிய விதத்திலும் இருந்துதான் வருகின்றன. பல லட்சம் ரூபாய் செலவில் எடுத்த டிரம் லைப்ரரியையும் தவறாக அடுக்கினால் இதே மாதிரிதான் ஒலிக்கும். எழுபது அடிகளைச் சரியாக அடுக்கினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மென்பொருள் பற்றி சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெலாசிட்டி லேயர் (தட்டும் பலத்துக்கு ஏற்ப வேறு கோப்பு), ரவுண்ட் ராபின் (ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்த கோப்பு), சோக் குரூப் (ஒரு ஒலி வந்ததும் இன்னொன்றை நிறுத்துவது) இந்த மூன்றும் இருந்தால் எந்த சாம்ப்ளரும் போதும். இலவசம் என்றால் பிளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்சாண்டோ இருக்கிறது. அது எஸ்எஃப்இசட் வடிவத்தைப் படிக்கும். எந்த ஒலி எப்போது வர வேண்டும் என்று சொல்லும் எஸ்எஃப்இசட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே எழுதிவிடலாம். டீசன்ட் சாம்ப்ளரும் இலவசம். கான்டாக்ட் என்ற சாம்ப்ளரை வைத்திருந்தால் முழுப் பதிப்பா என்று பாருங்கள். இலவச பிளேயர் பதிப்பில் நீங்களே உருவாக்கிய வாத்தியம் 15 நிமிடம் மட்டும் ஓடும்.

இனி கோப்புகளுக்கு வருவோம்.

தாமதத்தை முதலில் முடித்துவிடலாம், அதுதான் சுலபம். ஒவ்வொரு கோப்பையும் எடிட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். அடி தொடங்கும் இடத்துக்கு முன்னால் 10, 20 மில்லிநொடி வெறுமை இருக்கும். சாம்ப்ளர் அந்த வெறுமையையும் சேர்த்தே ஒலிக்கும். 48,000 ஹெர்ட்ஸில் பதிவு செய்திருந்தால் ஒரு மில்லிநொடி என்பது 48 சாம்பிள் புள்ளிகள். அடியின் முதல் அசைவுக்கு அரை மில்லிநொடி முன்னால் வெட்டி, அந்த அரை மில்லிநொடிக்குள் ஒரு சின்ன ஃபேட் இன் (ஒலியைப் படிப்படியாக ஏற்றுவது) கொடுங்கள், டிக் சத்தம் வராது. அசைவு தொடங்கிய பிறகு வெட்டிவிடாதீர்கள். குச்சி தோலில் படும் அந்த முதல் சில மில்லிநொடியில்தான் பறையின் அடையாளமே இருக்கிறது. அது போனால் ஏதோ பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டியது போல ஆகிவிடும். எல்லாக் கோப்புகளிலும் முன்னிடைவெளி ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்றில் 1, இன்னொன்றில் 6 மில்லிநொடி என்று இருந்தால் தாளம் தள்ளாடும், காரணமும் லேசில் பிடிபடாது.

இரண்டு மைக் வைத்து எடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிநொடி ஆகும். தூர மைக்கில் அடி தாமதமாக விழுவது இயல்பு, அறையின் ஆழம் அதில்தான் தெரியும். தனித்தனியாக இழுத்து ஒழுங்குபடுத்தப் போனால் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு விதமாக ஃபேஸ் (இரண்டு மைக்கின் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம்) மாறி, ஒலி ஒரு முறை தடித்தும் அடுத்த முறை மெலிந்தும் வரும்.

கோப்பின் கடைசிப் பக்கம் தாராளமாக இருக்கட்டும். அதிர்வு அறை இரைச்சலில் கரையும் வரை விட்டு, கடைசி 50 முதல் 100 மில்லிநொடியில் ஃபேட் அவுட் போதும்.

வெட்டிய பிறகும் தாமதம் இருந்தால் அது ஆடியோ பஃபர், அதாவது கணினி ஒலியை வெளியே அனுப்பும் முன் சேர்த்துவைக்கும் சாம்பிள் புள்ளிகளின் அளவு. 48,000 ஹெர்ட்ஸில் 512 என்று வைத்தால் அது மட்டுமே 10.7 மில்லிநொடி, 128 என்றால் 2.7. விண்டோஸில் ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) போட்டுக்கொள்ளுங்கள். புளூடூத் ஹெட்ஃபோனில் பேட் வாசிக்கவே வேண்டாம், அதில் 100 மில்லிநொடிக்கு மேல் போவது சாதாரணம்.

அடுத்து, மெல்லிய அடி காதில் விழாத பிரச்சினை. இங்கே கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும். டிரம் சாம்பிள் வேலையில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

நீங்கள் பேடில் எவ்வளவு பலமாகத் தட்டுகிறீர்கள் என்பதை மிடி (இசைக் கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறும் முறை) 1 முதல் 127 வரையான ஒரு எண்ணாக அனுப்பும். அதுதான் வெலாசிட்டி. பெரும்பாலான சாம்ப்ளர்கள் அந்த எண் குறையக் குறைய ஒலியளவையும் தாமாகவே குறைக்கும். எஸ்எஃப்இசட்டின் வழக்கமான கணக்கில் 64 வந்தால் 12 டெசிபல் குறையும், 32 வந்தால் 24 டெசிபல் குறையும். உங்களிடம் இருப்பதோ நிஜமாகவே மெல்ல அடித்துப் பதிவு செய்த அடிகள். அவை பலத்த அடியைவிட ஏற்கெனவே 20 டெசிபல் கீழே இருக்கலாம். அதை 32 என்ற வெலாசிட்டியில் வைத்தால் 20-உம் 24-உம் சேர்ந்து 44 டெசிபல் இறங்கிவிடுகிறது. எப்படிக் காதில் விழும்?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எல்லாக் கோப்புகளையும் நார்மலைஸ் செய்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒலியளவை முழுக்க சாம்ப்ளரின் கணக்குக்கே விடுவது ஒரு வழி. பதிவில் இருந்த ஏற்றத்தாழ்வை அப்படியே வைத்துக்கொண்டு, சாம்ப்ளரின் வெலாசிட்டி கணக்கை அணைத்துவிடுவது இன்னொன்று. இரண்டையும் கலக்கத்தான் கூடாது.

நான் இரண்டாவது வழியைத்தான் எப்போதும் சொல்வேன். மெல்லிய அடியை நார்மலைஸ் செய்தால் அதன் பின்னால் இருக்கும் மின்விசிறி, தெருச் சத்தம் எல்லாம் சேர்ந்து மேலே வரும். அதைவிட முக்கியம், எந்த அடி எவ்வளவு பலம் என்ற தகவலை நண்பரின் கை ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதை அழித்துவிட்டு ஒரு சூத்திரத்தை வைத்து மறுபடி உருவாக்குவானேன்? ஆனால் கணக்கை முழுக்க அணைத்தாலும் ஒரு சிக்கல் வரும். ஒரு லேயருக்குள் 41 வந்தாலும் 75 வந்தாலும் ஒரே அளவில் ஒலித்து, 76-இல் திடீரென்று படி ஏறும். அதனால் வெலாசிட்டி கணக்கை 20 முதல் 30 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். படிகள் மழுங்கிவிடும், இரட்டை இறக்கமும் பெரிதாகத் தெரியாது.

எந்த அடி எந்த லேயருக்கு என்று முடிவு செய்யும்போது, "இது மெல்ல, இது பலமாக" என்று பதிவின்போது சொன்னதை நம்பி இருக்காதீர்கள். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 100 மில்லிநொடியின் சராசரி அளவைப் பார்த்து, குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்துங்கள். "நடுத்தரம்" என்று சொல்லி அடித்ததில் சில, பலத்த அடிகளோடு போய் நிற்கும். அங்கேயே விட்டுவிடுங்கள். ஒலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதற்கு இடம்.

நான்கு லேயர் போதும். ஆனால் 127-ஐ நான்காகச் சமமாகப் பிரிக்காதீர்கள். விரலால் பேட் தட்டுபவருக்கு பெரும்பாலான அடிகள் 60-க்கும் 110-க்கும் நடுவில்தான் விழும். 1–40, 41–75, 76–105, 106–127 என்று தொடங்கி, உங்கள் விரலுக்கு ஏற்ப எல்லைகளை நகர்த்துங்கள். பேடிலேயே வெலாசிட்டி வளைவு மாற்றும் வசதி இருந்தால் லேயர்களைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

இனி இயந்திரத் துப்பாக்கி. அதற்குக் காரணம் ஒரே கோப்பு திரும்பத் திரும்ப ஒலிப்பது. மனிதக் கை ஒரே இடத்தில் ஒரே பலத்தில் இரண்டு முறை அடிக்காது. காது அந்தச் சின்ன வேறுபாட்டை எதிர்பார்த்துப் பழகியிருக்கிறது. 1980-இல் வந்த லின் எல்எம்-1, நிஜ டிரம்களின் டிஜிட்டல் பதிவை வைத்து ஒலித்த முதல் டிரம் இயந்திரம். மாறாத அதே பதிவு மறுபடி மறுபடி விழுந்தது, அந்த மாறாத தன்மையே பிறகு பாப் இசையில் ஒரு பாணியாகவும் ஆனது. நடன இசையில் கிக் டிரம்முக்கு இன்றும் அதுதான் அழகு. அங்கே ரவுண்ட் ராபின் போட்டால் அடித்தளமே ஆடும். பறைக்கு அது பொருந்தாது.

ஆக, ஒரே லேயரில் ஒரே வகை அடிக்குப் பல கோப்புகளை வைத்து, ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்ததை எடுக்கச் சொல்ல வேண்டும். எத்தனை கோப்பு? பலரும் நான்கு என்பார்கள். நான் ஐந்து அல்லது ஏழு என்பேன். பதினாறு தட்டல்கள் கொண்ட ஒரு சுற்றை நான்கு கோப்புகளில் ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடிக்கு அதே கோப்பு, ஐந்தாம் அடிக்கு அதே கோப்பு என்று விழும். ரவுண்ட் ராபின் இருந்தும் சுற்று மொத்தமும் நகல் எடுத்த மாதிரி இருக்கும். ஐந்து கோப்பு என்றால் அதே அமைப்பு திரும்ப ஐந்து சுற்று ஆகும், ஏழு என்றால் ஏழு சுற்று. மும்மூன்றாகப் போகும் அடவுகளில் (பறையின் தாள அமைப்புகளில்) மூன்றையும் ஆறையும் தவிர்க்க வேண்டும், காரணம் அதேதான். ரேண்டம் என்று போட்டால் ஒரே கோப்பு அடுத்தடுத்து இரண்டு முறை வரவும் வாய்ப்பு உண்டு. "முன்னது திரும்ப வராத ரேண்டம்" உங்கள் சாம்ப்ளரில் இருந்தால் அது மிக நன்று.

உங்களிடம் இருப்பது எழுபது கோப்பு. பறையின் இரு குச்சிகளான அடிக்குச்சி ஒன்று, சுண்டுக்குச்சி ஒன்று என்று இரண்டு வகை, நான்கு லேயர், ஐந்து கோப்பு என்று கணக்கிட்டால் 40 ஆகிறது. மீதியில் ஓரத்து அடி, தோலை அழுத்திப் பிடித்து அடித்தது போன்றவற்றை வைக்கலாம். ஏதாவது லேயரில் மூன்றுதான் தேறுகிறது என்றால், பக்கத்து லேயரிலிருந்து இரண்டை எடுத்து, ஒலியளவைச் சரிசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு தட்டலுக்கும் சுருதி 5 முதல் 10 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), ஒலியளவு 1 டெசிபல் அளவில் தற்செயலாக மாறும்படி வையுங்கள். அதற்கு மேல் போனால் வாத்தியம் கோணலாகத் தெரியும்.

சுருதி என்றதும், பறைக்கே உரிய ஒரு விஷயம். டிரம் கிட் சாம்பிள் செய்வதைப் பற்றிய ஆங்கிலக் காணொளிகளில் இது வராது. பறையை நெருப்பில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். சூட்டில் தோல் இறுகி ஒலி கணீரென்று ஏறும், ஆற ஆறத் தளர்ந்து இறங்கும். ஒரு மணி நேரம் பதிவு செய்திருந்தால் முதல் பத்து அடிகளும் கடைசிப் பத்து அடிகளும் வேறு வேறு பறை மாதிரி இருக்கும். அவற்றை ஒரே ரவுண்ட் ராபினில் கலந்தால், வரிசையில் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் வேறொரு பறை குறுக்கிட்டது போலக் கேட்கும். வெலாசிட்டி, ரவுண்ட் ராபின் எல்லாம் சரியாக இருந்தும் "என்னவோ ஒட்டவில்லை" என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு கோப்பின் அதிர்வுப் பகுதியையும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்று காட்டும் கருவி) போட்டு, உயர்ந்து நிற்கும் முதல் முகடு எந்த ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று 30 சென்ட் வரை விலகி இருப்பவற்றை சாம்ப்ளரில் டியூன் செய்து இழுத்துக்கொள்ளலாம். அதைவிட விலகியவற்றை ஒதுக்கி, போதிய எண்ணிக்கை இருந்தால் "ஆறிய பறை" என்று தனி வாத்தியமாகவே செய்யுங்கள். தளர்ந்த ஒலி ஒன்றும் மட்டமில்லை. மெதுவான பகுதிகளில் அதன் கனம் நன்றாகப் பொருந்தும்.

இனி கீ அமைப்பு. பெரும்பாலான சாம்ப்ளர்கள் தம்மிடம் வரும் கோப்பைப் பியானோ சுரம் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு விஷயங்களை மாற்ற வேண்டும். ஒன்று, கீக்கு ஏற்ப சுருதி மாறுவதை அணைக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு கோப்பையும் ஒரே கீக்குள் அடக்கி அந்தக் கீயையே அதன் மூலச் சுரமாகக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, ஒன் ஷாட் முறையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விரலை எடுத்ததும் ஒலி வெட்டுப்படும். பேடில் விரல் படுவதே ஒரு கணம்தான் என்பதால் பாதி அதிர்வு காணாமல் போகும்.

எந்தக் கீயில் எதை வைப்பது? எந்தக் கீ எண்ணில் எந்த டிரம் என்று வகுத்த பொது முறையான ஜெனரல் மிடி அமைப்பில் 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட். அடிக்குச்சியின் ஆழ்ந்த அடியை 36-இலும் சுண்டுக்குச்சியின் வெடிப்பான ஒலியை 38-இலும் வைத்தால், மின்னணு டிரம் பேடோடு இணைக்கும்போது தனியாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது. இந்த 36 சில மென்பொருளில் சி1 என்றும் சிலவற்றில் சி2 என்றும் காட்டப்படும். ஒலி வரவில்லை என்றால் பெயரை விட்டு எண்ணைப் பாருங்கள். வேக அடிகளுக்காக ஒவ்வொரு வகையையும் பக்கத்துக் கீ ஒன்றிலும் பிரதி வைத்து, இரண்டு விரலால் மாற்றி மாற்றித் தட்டுங்கள். அந்தப் பிரதியில் ரவுண்ட் ராபின் வரிசை வேறு இடத்தில் தொடங்கட்டும். இரண்டு கீயும் ஒரே கோப்பில் சந்திப்பது குறையும்.

சோக் குரூப் என்பது ஒரு ஒலி வந்ததும் இன்னொன்றை நிறுத்துவது. திறந்த ஹை-ஹேட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடியது வந்தால் முன்னது நிற்க வேண்டும் அல்லவா, அதற்காக வந்த வசதி. பறையில், அழுத்திப் பிடித்த அடி வந்ததும் திறந்த அடியின் அதிர்வு நிற்க வேண்டும், ஏனென்றால் இருப்பது ஒரே தோல். ஆனால் திறந்த அடி இன்னொரு திறந்த அடியை வெட்டக் கூடாது. அங்கே ஒரே நேரத்தில் மூன்று ஒலிகள்வரை அனுமதித்து, பழையது 20 முதல் 30 மில்லிநொடியில் கரையும்படி வைத்தால் போதும். வரம்பே இல்லாமல் விட்டால் வேக அடிகளில் அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து அடியில் ஒரு முழக்கமாகத் தேங்கும்.

நினைவகம் பற்றிக் கவலையே வேண்டாம். மோனோ, 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 144 கிலோபைட்தான். எழுபது கோப்பும் சேர்ந்து ஒரு புகைப்பட ஆல்பம் அளவுகூட வராது. கோப்புப் பெயரில் மட்டும் வகை, லேயர், வரிசை எண் மூன்றும் இருக்கட்டும், எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் போடுங்கள். சாம்பிள்கள் எல்லாம் வாத்தியக் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால் வேறு கணினிக்கு மாற்றும்போது தொலையாது. ரிவெர்பையும் கம்ப்ரஷனையும் கோப்பில் பதிக்காதீர்கள், அவை சாம்ப்ளருக்குப் பின்னால் மிக்ஸரில் வரட்டும்.

அமைத்து முடித்ததும் வெலாசிட்டி 1-இலிருந்து 127 வரை ஒரே கீயில் ஏறும் ஒரு மிடி வரிசை எழுதி ஓட்டுங்கள். படி எங்கே துள்ளுகிறது என்று காது சொல்லிவிடும். பிறகு 100 என்ற ஒரே வெலாசிட்டியில் வேகமான அடிகள். அதில் ஏதாவது ஒரு கோப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் அதை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை குறைகிறதே என்று தயங்க வேண்டாம்.

ஒருவர் அடித்ததை வைத்துப் பத்துப் பேர் அடிப்பதுபோலச் செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்கு முடியும். ஒரே கோப்பைப் பத்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சத்தம் கூடுமே தவிர ஆள் கூடாது. நான்கு பிரதி போதும். ஒவ்வொன்றும் வேறு ரவுண்ட் ராபின் இடத்தில் தொடங்கி, 5 முதல் 25 மில்லிநொடிவரை வெவ்வேறாகத் தள்ளி, சுருதியைச் சிறிது மாற்றி, இடம் வலமாகப் பரப்புங்கள். தள்ளும் அளவு தட்டலுக்குத் தட்டல் மாற வேண்டும், நிலையாக இருந்தால் எதிரொலியாகிவிடும். இருந்தாலும் உண்மையான குழுவின் ஒலிக்குக் குழுவைத்தான் பதிவு செய்ய வேண்டும். பலர் சேர்ந்து அடிக்கும்போது ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கூட்டிக் குறைத்து அடிப்பார்கள். அது தனி ஆளின் பதிவில் இருக்கவே இருக்காது.

மறுபடி பதிவுக்கு உட்கார்ந்தால், தனித்தனி அடிகளாக மட்டும் கேட்காதீர்கள். "ஒன்று அடியுங்கள், நிறுத்துங்கள்" என்றால் எந்தக் கலைஞரின் கையும் விறைத்துவிடும். முதலில் அவருக்குப் பிடித்த அடவுகளைச் சில நிமிடம் வாசிக்க விடுங்கள், அதையும் பதிவு செய்யுங்கள். பிறகு அதே அடவை மிக மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இரண்டு நொடி விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பலத்த அடி ரெக்கார்டரின் அளவுகாட்டியில் –6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (பதிவு அளவை) வைத்து, கடைசி வரை தொடாதீர்கள். மைக்கின் தூரமும் மாறக் கூடாது. சில நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, பறையைக் காய்ச்சிக்கொண்டு தொடரச் சொல்லுங்கள். எதைக் காய்ச்சியபின் எடுத்தீர்கள் என்பதை மைக்கிலேயே வாயால் சொல்லிவிடுங்கள், பின்னால் தேடும்போது கைகொடுக்கும்.

நண்பராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் கொடுங்கள். சாம்பிள்களை உங்கள் பாடல்களில் மட்டும் பயன்படுத்துவீர்களா, பிறருக்குக் கொடுப்பீர்களா, விற்பீர்களா என்பதைப் பதிவுக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வாத்தியத்தின் பெயரோடு வாசித்தவரின் பெயரும் வர அவருக்கு விருப்பமா என்றும் கேளுங்கள். பறைக் கலைஞர்களின் உழைப்பைப் பெயரில்லாமல் எடுத்துக்கொள்வது நீண்ட காலமாக நடந்துவருகிறது. ஒரு தடவை எடுத்த சாம்பிள் ஆயிரம் பாடல்களில் ஒலிக்கக்கூடியது என்பதால் இங்கே அது இன்னும் பெரிய அநியாயமாகிவிடும்.

இப்போது கையில் இருக்கும் எழுபதையும் முதலில் ஒலியளவுப்படியும் அப்புறம் சுருதிப்படியும் வரிசைப்படுத்திப் பாருங்கள். எந்த லேயரில் எத்தனை தேறியது என்று எழுதினால், அடுத்த பதிவில் எந்த அடிகளைக் கேட்டு வாங்குவது என்று பட்டியல் போட்டுவிடலாம்.